செங்கல்லைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார்

குடமுழுக்கு நாளில் கோபுரக் கலசத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கும் அடியவர் உள்ளத்தில் இறைவன் ஒருவனே நிறைந்திருப்பான். அந்தக் கோபுரத்தை எழுப்பியவர் யார், அதற்கு முன் அவ்விடத்தில் நின்ற சிறு கோயிலை அமைத்தவர் யார், அதில் முதல் விளக்கை ஏற்றியவர் யார் என்ற எண்ணம் அவ்வேளையில் எழுவது அரிது. ஆனால் அவ்வெண்ணத்தையே வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்து, பழைய கோயில்களைப் புதுப்பித்த பெருமாட்டி ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழநாட்டில் வாழ்ந்தார். அரசனின் மருமகளாகவும், அரசனின் தேவியாகவும், அரசனின் அன்னையாகவும் விளங்கிய அவர், தம் பெயரை ஊரறியச் செய்வதைவிடத் தமக்கு முன் தொண்டு செய்தோரின் பெயர் மறையாமல் காப்பதையே பெரிதெனக் கருதினார். அவரே செம்பியன் மாதேவியார்.

கல்கியின் பொன்னியின் செல்வன் புதினம் வாயிலாக அவரைப் பெரிய பிராட்டியாராக அறிந்தோர் பலர். புதினம் காட்டும் மாதேவியார் கற்பனை கலந்தவர். கல்வெட்டுகள் காட்டும் மாதேவியாரோ கற்பனையினும் வியப்புக்குரியவர்.

திருநல்லத்துச் சுவர்

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் செல்லும் சாலையில் எஸ். புதூர் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து பிரிந்து, வயல்களின் நடுவே செல்லும் வழி கோனேரிராசபுரம் என்ற சிற்றூரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்பரும் சம்பந்தரும் பாடிய காலத்தில் இவ்வூரின் பெயர் திருநல்லம். இங்கு எழுந்தருளியுள்ள இறைவன் உமாமகேசுவரர். ஆளுயரத்தை மிஞ்சி நிற்கும் நடராசப் பெருமானின் செப்புத் திருமேனியைக் காண்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து அடியவர்கள் இவ்வூரைத் தேடி வருகின்றனர். அத்திருமேனியைக் கண்டு மெய்ம்மறந்தோரில் பலர், கருவறையை வலம் வருகையில் தென்புறச் சுவரிலுள்ள சிறு சிற்பம் ஒன்றைக் கவனியாமலே சென்றுவிடுவதுண்டு.

அச்சிற்பத்தில் சிவலிங்கம் ஒன்றின் முன் அரசர் ஒருவர் வழிபாட்டு நிலையில் காணப்படுகிறார். அதன் அருகே உள்ள கல்வெட்டு அவர் இன்னார் என்பதைத் தெளிவாக உரைக்கிறது. மதுராந்தக தேவரான உத்தம சோழர் ஆட்சி செய்த நாளில், அவருடைய அன்னையார் மாதேவடிகள், தம் கணவர் கண்டராதித்த தேவரின் திருப்பெயரால் இக்கற்றளியை எடுப்பித்தார் என்றும், திருநல்லமுடையாரின் திருவடியைத் தொழும் கோலத்தில் கண்டராதித்தரையே இங்கு உருவாகச் செய்து வைத்தார் என்றும் அது கூறுகிறது. கற்றளி என்பது கருங்கல்லால் ஆகிய கோயிலைக் குறிக்கும் சொல்.

அதே கோயிலில் இன்னுமொரு கல்வெட்டும் உண்டு. மாதேவியாரின் ஆணைப்படி இக்கற்றளியைக் கட்டி முடித்தவர் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்று அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அரசரணசேகரன் என்ற மறுபெயரும், இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் அவருக்கு உரியவை. கோயிலைக் கட்டுவித்த அரசர் பெயர் நிலைத்து, அதனைக் கட்டியவர் பெயர் மறைந்துபோவது உலக வழக்கம். திருநல்லத்தில் அவ்வாறு நிகழவில்லை. மறைந்த கணவரின் உருவமும், உழைத்த தொண்டரின் பெயரும் ஒருசேரக் கல்லில் பதிந்துள்ளன. கோயில் எழுப்பிய பெருமாட்டியோ அவ்விருவரையும் அறிமுகம் செய்யும் சொற்களுக்கிடையே அடக்கமாக நிற்கிறார். அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் அச்சுவரே ஒரு முன்னுரை.

மழவர் குலத்து மகள்

செம்பியன் மாதேவியார் மழவரையர் குடியில் பிறந்தவர். மழவர் காவிரியின் வடகரைப் பகுதியில் சிறப்புற்றிருந்த குறுநில மரபினர். சித்திரைத் திங்கள் கேட்டை நாளே அவர் பிறந்த நாள் என்பது அந்நாளில் நிகழ்த்தப் பெற்ற சிறப்பு வழிபாடு பற்றிய கல்வெட்டுச் செய்தியால் விளங்குகிறது. பிறந்த ஆண்டு கல்லில் இல்லை. பிறந்த நாள் மட்டும் இறைவழிபாட்டோடு சேர்த்து நினைக்கப்பட்டது.

அவர் மருமகளாகப் புகுந்தது, 907ஆம் ஆண்டு முதல் சோழநாட்டை ஆண்ட முதலாம் பராந்தகனின் அரண்மனை. தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று புகழ் பெற்ற மன்னன் அவன். அவனுடைய இரண்டாம் மகனாகிய கண்டராதித்தரே மாதேவியாரின் கணவர். மாதேவியாரைப் பற்றிய தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் உள்ளது. பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 941ஆம் ஆண்டளவில், அவர் அத்திருக்கோயிலுக்கு நந்தாவிளக்கு ஒன்று வைத்தார்.

நந்தாவிளக்கு என்பது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு. அதனை வைப்பவர் ஒருமுறை எண்ணெய் வார்த்துவிட்டுச் செல்வதில்லை. சோழநாட்டில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். மூத்து மடியும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்புவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே வழங்கின. கொடுத்தவர் மறைந்தாலும் கொடை மறையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இளம் மருமகளாக மாதேவியார் செய்த இந்த அறத்தில், பின்னாளில் அவர் செய்த பெரும் பணிகள் அனைத்துக்குமான வித்து அடங்கியிருந்தது.

அரியணையும் துயரமும்

சோழர் குடிக்கு அக்காலம் எளிதாக அமையவில்லை. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் நிகழ்ந்த போரில், பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படைகள் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டன. தந்தை கட்டிக் காத்த பேரரசு சுருங்கிய நிலையில்தான் கண்டராதித்தர் முடி சூடினார்.

அவர் வாளினும் வழிபாட்டையே பெரிதாகப் போற்றியவர். சிவஞான கண்டராதித்தர் என்று வழங்கப் பெற்றவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றுள்ளது. அரச மகுடத்தோடு திருமுறை ஆசிரியர் என்னும் பெருமையையும் பெற்ற சிலருள் அவர் ஒருவர். கல்வெட்டுகள் அவரை மேற்கெழுந்தருளிய தேவர் என்றும் குறிக்கின்றன.

அவருடைய ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 957ஆம் ஆண்டளவில் அது முடிவுற்றது. மகன் மதுராந்தகன் அப்போது சிறு பிள்ளை. எனவே அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், விரைவிலேயே அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது.

மாதேவியாரின் வாழ்க்கையில் இதுவே பெருந்திருப்பம். கணவரை இழந்தார், பட்டத்தரசி என்ற நிலையும் அகன்றது, மகனுக்குரிய அரியணையில் வேறொரு கிளை அமர்ந்தது. கணவன் இறந்தவுடன் எரிபுகும் வழக்கம் அரச குடிகளில் நிலவிய காலம் அது. பின்னாளில் சுந்தர சோழன் மறைந்தபோது, அவன் தேவி வானவன் மாதேவி பால் மறவாக் குழந்தையையும் விட்டுக் கணவனோடு உயிர் நீத்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு ஒன்று உருக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. செம்பியன் மாதேவியார் மகனை வளர்ப்பதற்காக உயிர் தாங்கினார். அவ்வாறு தாங்கிய உயிரைத் திருக்கோயில்களுக்கே உரியதாக்கினார். அன்று அவர் எடுத்த முடிவினால் சோழநாட்டின் ஊர்தோறும் விளைந்த பயன் அளவிடற்கரியது.

மகன் முடி சூடிய நாள்

சுந்தர சோழனின் இறுதிக் காலத்தில் அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். சோழர் குடியை உலுக்கிய அந்நிகழ்ச்சிக்குப் பின், யார் அடுத்த அரசர் என்ற வினா எழுந்தது. நாட்டு மக்கள் சுந்தர சோழனின் இளைய மகன் அருண்மொழியை வேண்டினர் என்றும், தம் சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை தாம் அதனை உள்ளத்தாலும் விரும்புவதில்லை என்று அவர் விலகி நின்றார் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயருடன் முடி சூடினார். அவருக்குப் பின் அருண்மொழியே அரசராவது என்பதும் உறுதி செய்யப்பட்டது. அந்த அருண்மொழியே முதலாம் இராசராச சோழன்.

இவ்வளவு கொந்தளிப்புக்கிடையிலும் மாதேவியாரின் பெயர் எந்தச் சூழ்ச்சியோடும் பிணைக்கப்படவில்லை. மகன் அரசனாக இருந்த 15 ஆண்டுகளில், அரசன் தாய் என்ற செல்வாக்கை அவர் திருப்பணிக்கே பயன்படுத்தினார். அவர் எடுப்பித்த கற்றளிகளில் பெரும்பாலானவை அக்காலத்தைச் சேர்ந்தவை. 985ஆம் ஆண்டு ஆட்சி இராசராசனிடம் சென்ற பின்னும் அவருக்குரிய மதிப்பு குன்றவில்லை, திருப்பணியும் நிற்கவில்லை. உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசனின் ஆட்சியில் திருக்கோயில் காரியங்களை ஆராய்ந்து முறைப்படுத்தும் அலுவலில் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரியணைக்கு உரிமை கொண்டாடி நாட்டைப் பிளக்கக்கூடிய நிலையில் இருந்த ஓர் இளவரசன், கோயில் கணக்கைச் சரிபார்க்கும் தொண்டில் அமைதி கண்டான். பாட்டியார் நடந்து காட்டிய வழி பேரனுக்கும் வழியாயிற்று.

செங்கல்லும் கருங்கல்லும்

மூவர் முதலிகள் பாடிப் பரவிய நாளில் சோழநாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. காவிரிப் பெருக்கும் அடைமழையும் ஆண்டுதோறும் அவற்றை அரித்தன. சுவர் வெடிக்கும், விதானம் இற்று விழும், ஆலும் அரசும் வேரூன்றும். ஊரார் மீண்டும் கட்டுவர். மீண்டும் அது சிதையும். பாடல் பெற்ற பெருமை நிலைத்திருக்க, பாடப் பெற்ற இடம் மண்ணோடு மண்ணாகும் நிலை இருந்தது.

கருங்கல்லால் கட்டினால் இக்குறை தீரும். ஆனால் காவிரி வண்டல் படிந்த சமவெளியில் பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லும் தொலைவிலிருந்து வந்து சேர வேண்டும். அதனை உடைக்கவும், சுமக்கவும், செதுக்கவும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பொருத்தவும் பெருந்தொகையான மக்களும் பொருளும் தேவை. ஆதித்த சோழன் காலம் முதலே காவிரிக் கரையில் கற்றளிகள் எழத் தொடங்கியிருந்தன. அப்பணியை ஒரு வாழ்நாள் நோன்பாக மேற்கொண்டு, ஊர் ஊராக நடத்திக் காட்டியவர் மாதேவியாரே.

அவருடைய கைவண்ணம் பெற்ற ஊர்களின் வரிசை நெடியது. திருநல்லத்தைத் தவிர, தென்குரங்காடுதுறை எனப்படும் ஆடுதுறை, திருக்கோடிகா, திருத்துருத்தி எனப்படும் குத்தாலம், திருமணஞ்சேரி, திருவாரூர்ப் பெருங்கோயில் வளாகத்தினுள்ளே இருக்கும் அரநெறி ஆகியவை காவிரி நாட்டில் உள்ளவை. வடக்கே திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில், 981ஆம் ஆண்டளவில் கருவறையுடன் மண்டபமும் கோபுரமும் சுற்றாலைக் கோயில்களும் அவரால் எழுந்தன. இவை யாவும் பாடல் பெற்ற தலங்கள் என்பது உற்று நோக்கத்தக்கது. புதிய தலைநகரில் புதிய பெருங்கோயில் எழுப்பித் தம் புகழை நாட்ட அவரால் இயன்றிருக்கும். திருமுறைப் பாடல்களைத் தாங்கி நின்ற பழைய சிற்றூர்களையே அவர் தேடிச் சென்றார். திருவிசைப்பா பாடிய கணவரோடு வாழ்ந்தவருக்கு, பாடலும் அது பிறந்த இடமும் இரண்டாகத் தோன்றவில்லை போலும்.

கல்லை அடுக்கியதோடு அவர் கடமை முடிந்ததாகக் கொள்ளவில்லை. நாள் வழிபாட்டுக்கு நிலம், விளக்குக்கு ஆடு, திருவமுதுக்கு நெல், பூசனைக்குப் பொன் வெள்ளிக் கலங்கள், இறைவன் திருமேனிக்கு அணிகலன் எனத் தேவைகளைக் கணித்து அறக்கட்டளைகள் வைத்தார். குடமுழுக்கு முடிந்த மறுநாள் முதல் கோயில் எவ்வாறு நடைபெறும் என்ற கவலை, கட்டத் தொடங்கும்போதே அவருக்கு இருந்தது.

கோட்டங்களில் குடியேறிய தெய்வங்கள்

மாதேவியார் காலத்துக் கற்றளியை அடையாளம் காண்பது பழகிய கண்ணுக்கு எளிது. அதற்கு முந்தைய சோழர் கோயில்களில் கருவறைச் சுவரின் மூன்று பக்கங்களிலுமே சிறப்பாகத் தெய்வ உருவங்கள் அமைந்தன. மாதேவியாரின் கோயில்களில் கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபச் சுவரிலும் கோட்டங்கள் பெருகின. கோட்டம் என்பது சுவரில் தெய்வ உருவம் நிற்பதற்கென அமைந்த மாடம்.

வலம் வருபவர் தெற்கில் விநாயகரையும், ஆடவல்லானையும், குறுமுனி அகத்தியரையும் காண்பார். அடுத்து, கருவறையின் தென்சுவரில் ஆலமர் செல்வர் அமர்ந்திருப்பார். பின்சுவரில் அடிமுடி காணா அண்ணல். வடக்கே நான்முகன். அதனை அடுத்துக் கொற்றவையும், மாதொருபாகனும், பிச்சைத் தேவரும் விளங்குவர். ஊருக்கு ஊர் இவ்வரிசையில் சிறு வேறுபாடுகள் உண்டு. திருமுறைகளில் கேட்ட சிவபெருமானின் திருக்கோலங்கள், எழுத்தறியாத உழவரும் ஒரு சுற்றில் கண்டு தொழும்படி கல்லில் வந்து நின்றன.

இவற்றுள் ஆடவல்லானின் இடம் தனிச்சிறப்பானது. நடராசர் உருவம் சோழர் கோயில் சுவரில் நிலையான இடம் பெற்றது மாதேவியாரின் திருப்பணிகளால்தான். உலாத் திருமேனிகளாகச் செம்பில் வார்க்கப்படும் படிமக் கலையும் அவர் காலத்தில் உயர்நிலை எய்தியது. மெலிந்த இடையும், நீண்ட கைகளும், உள்நோக்கிய அமைதியும் கொண்ட அக்காலப் படிமங்களைக் கலை ஆய்வாளர்கள் செம்பியன் மாதேவி மரபு என்றே வழங்குகின்றனர். ஓர் அரசியின் பெயரால் ஒரு கலை மரபு அழைக்கப்படுவது உலக வரலாற்றிலேயே அரிது.

பழைய எழுத்தைக் காத்த பண்பு

மாதேவியாரின் உள்ளத்தை முழுமையாகக் காட்டும் செய்தி திருக்கோடிகாவில் கிடைக்கிறது. அக்கோயில் கற்றளியாக மாற்றப்பட்டபோது, பல்லவர் காலம் தொட்டு அங்குக் கொடை வழங்கியோரின் கல்வெட்டுகள் பழைய கற்களில் சிதறிக் கிடந்தன. புதுச் சுவர் எழும்போது அவை பயனற்றுப் போகும். எந்தக் கொடையாளருக்கும் வழக்குரைக்க அங்கு ஆளில்லை. அவர்களுள் பலர் மறைந்து நூறாண்டுகளும் கடந்திருந்தன. அவர்கள் சோழர் குடியினருமல்லர். அக்கற்களை ஒதுக்கிவிட்டுப் புதுச் சுவர் முழுவதையும் சோழர் புகழுக்கே உரியதாக்கியிருந்தால், கேட்பார் யாரும் இருந்திரார்.

மாதேவியாரின் திருப்பணியிலோ அப்பழைய கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகப் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இவை பழைய கற்களில் இருந்தவற்றின் படி என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. அதன் பிறகே பழைய கற்கள் ஒதுக்கப்பட்டன. என்றோ ஒரு நாள் ஒருவர் கொடுத்த சிறு பொன்னும், அதன் வட்டியால் எரிய வேண்டிய விளக்கும், அதற்குப் பொறுப்பேற்ற சபையாரின் கடமையும் புதிய கோயிலுக்கு மாறாமல் வந்து சேர்ந்தன.

இதில் அறமும் உண்டு, நிருவாகமும் உண்டு. கல்வெட்டு என்பது அக்காலத்தில் பத்திரம். அது அழிந்தால் நிலத்தின் மீது கோயிலுக்குள்ள உரிமை அழியும், விளக்கு அணையும், வழிபாடு குறையும். அதனினும் மேலாக, கொடுத்தவரின் வேண்டுதல் காற்றில் கரைந்துபோகும். ஓர் ஏழைக் குடியின் சிறு விளக்கும் பேரரசியின் கற்றளியும் இறைவன் முன் ஒரே சுவரில் நிற்கும்படி அவர் செய்தார். பிற்கால வரலாற்றாசிரியர்களுக்குப் பழைய அரசர்களின் செய்திகள் கிட்டியது அச்செயலின் மற்றொரு பயன்.

பெயர் பெற்ற ஊர்

நாகப்பட்டினத்துக்கு அணித்தாகச் செம்பியன் மாதேவி என்ற பெயருடனேயே ஒரு சிற்றூர் இன்றும் உள்ளது. அரசியாரின் பெயரால் சதுர்வேதிமங்கலமாக அமைந்த அவ்வூரில், அவர் எடுப்பித்த கைலாசநாதர் திருக்கோயில் இருக்கிறது. உத்தம சோழரின் தேவியர், தம் மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் அங்குச் சிறப்பு வழிபாடு நடைபெற அறக்கட்டளை வைத்தனர். மருமக்கள் ஒருங்கே சேர்ந்து மாமியாரின் பிறந்த நாளைக் கோயிலில் போற்றினர் என்ற இச்செய்தி, அரண்மனைக்குள் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்குப் போதிய சான்று.

முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1019ஆம் ஆண்டளவில், அக்கோயிலில் மாதேவியாரின் செப்புத் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டு, அதன் வழிபாட்டுக்கும் நிவந்தங்கள் அளிக்கப்பட்டன. அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில், 1929ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. அம்மையின் கோலத்தில் நிற்கும் அதனைச் செம்பியன் மாதேவியாரின் உருவமாகவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பிறந்த மண்ணிலோ ஆண்டுதோறும் சித்திரைக் கேட்டையில் ஊர் மக்கள் அவருக்குச் சீர்வரிசை எடுத்து விழா நடத்துகின்றனர்.

அறுபது ஆண்டுத் தவம்

மாதேவியாரின் இறுதித் திருப்பணிகளுள் ஒன்று திருவக்கரையில் அமைந்தது. தொண்டை நாட்டைச் சேர்ந்த அத்தலத்தில், இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டாகிய 1001இல் சிவபெருமானுக்கு அவர் கற்றளி எடுப்பித்தார். உய்யக்கொண்டான் திருமலையில் விளக்கு வைத்த 941ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் சரியாக 60 ஆண்டுகள். பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழர், இராசராசன் என ஆறு மன்னர்களின் ஆட்சியை அவர் கண்டார். மாமனார், கணவர், மகன் ஆகிய மூவரின் மறைவுக்குப் பின்னும் அவர் கை ஓயவில்லை. ஒருகாலத்தில் பகைவர் கைப்பட்டிருந்த தொண்டை நாட்டிலேயே அவருடைய முதுமைக்காலக் கோயில் எழுந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

அதன்பின் ஒன்பது ஆண்டுகளில், 1010இல், தஞ்சைப் பெருங்கோயில் நிறைவுற்றது. உலகம் வியக்கும் அப்பெருங்கோயிலைக் கட்டிய கைகள் ஒரே நாளில் தேர்ச்சி பெற்றவை அல்ல. ஊர்தோறும் கல் ஏற்றியும், கோட்டம் செதுக்கியும், படிமம் வார்த்தும் பழகிய ஒரு தலைமுறைத் தொழிலறிவு அதற்கு முன்னே உருவாகியிருந்தது. தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரில் இராசராசன் தன் கொடையோடு தன் அக்கன் குந்தவையின் கொடையையும், தேவியர் கொடையையும், பிறர் கொடுத்தனவற்றையும் பொறிக்கச் செய்தான். கொடுத்தோர் பெயர் எவரதாயினும் மறையலாகாது என்ற அந்தப் பண்பு, பெரிய பாட்டியாரின் திருப்பணிகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ஒன்று.

மாதேவியார் பெயர் தாங்கிய ஊரை அடுத்த நாகப்பட்டினத்துக்கும் மலைநாட்டுக்கும் உறவு உண்டு. கடாரத்தரசன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தது அக்கடற்கரையில்தான். அக்கடல் வழியே நூற்றாண்டுகள் கழித்து மலாயா வந்த தமிழ்த் தொழிலாளர்கள், தோட்டப்புறங்களில் அத்தாப்புக் கூரையின் கீழ் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டு விளக்கேற்றினர். பலகைச் சுவர் பின்னர் செங்கல்லாகவும், செங்கல் பின்னர் கோபுரமாகவும் வளர்ந்தது. இந்நாட்டு ஆலயங்கள் பலவற்றின் வரலாறு இதுவே. திருப்பணிதோறும் பழைய சுவர் இடிக்கப்படும். அதில் பதித்த சிறு பளிங்குக் கற்களும், அவற்றில் எழுதிய பெயர்களும், அத்தோட்டத்து மக்கள் தம் கூலியிலிருந்து கொடுத்த சில வெள்ளிகளின் கணக்கும் அப்போது கேட்பாரற்றுக் கிடக்கும். திருக்கோடிகாவில் கிடந்த பழைய கற்களும் அத்தகையனவே. அவற்றைக் கடந்து செல்லாமல், படியெடுத்துப் பொறிக்கச் செய்தவர் ஒரு பேரரசின் தாயார்.

கோனேரிராசபுரத்தின் தென்சுவரில் கண்டராதித்தர் இன்றும் இறைவனைத் தொழுதபடி இருக்கிறார். சாத்தன் குணபத்தன் பெயர் இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது. அவ்வூருக்குச் செல்லும் அடியவர்கள், ஆடவல்லானை வணங்கியபின் அச்சுவரின் முன்னும் ஒரு கணம் நின்று, செம்பியன் மாதேவியாரை நினைந்து வணங்குதல் தகும். விளக்கு வைத்தோர் விளங்குக! திருப்பணி செய்தோர் வாழ்க! அவர்தம் பெயரைக் காத்தோர் புகழ் ஓங்குக!